பதினான்கில் ஒரு பங்கு

தேர்வு முடிவுகள் வெளியாகும் கோடைக்காலத்தில் திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை அடுத்த பகுதியில், புதியதொரு பரபரப்பைக் காணலாம். உலகின் பல நாடுகளிலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கும் அன்பர்கள் தம் கடவுச்சீட்டை நகல் எடுக்க நிற்கும் அதே கடைகளில், நம் ஊர்ப் பெற்றோரும் பிள்ளைகளும் சான்றிதழ்க் கட்டுகளோடு நிற்கிறார்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என வரிசையாக நகலெடுக்கப்படும் தாள்களில் மிகவும் கவனமாக மடித்து வைக்கப்படுவது சாதிச் சான்றிதழ்தான். பல நேரங்களில் ஒரு பிள்ளையின் எதிர்காலம் அந்த ஒரு தாளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

‘நான் யார்?’ என்ற கேள்வியை உலகிற்கு நினைவூட்டிய ஊர் இது. அதே ஊரில் கல்லூரி விண்ணப்பம் ‘நீ யார்?’ என்று கேட்கிறது. அதற்கு ஒரே சொல்லில் விடை எழுத ஒரு கட்டமும் வைத்திருக்கிறது. இக்கட்டம் தேவைதானா, இது நீதியா, மதிப்பெண் ஒன்றே போதாதா என்னும் வினாக்களை நம் பங்குகளில் படித்த இளைஞர்களும் பெற்றோரும் எழுப்புகிறார்கள். சிலர் கோபத்தோடும் சிலர் குழப்பத்தோடும் கேட்கும் இவ்வினாக்களுக்கு அறிவுரை கூறுமுன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம் எனக் கருதுகிறோம். அந்த வரலாற்றில் கிறித்தவர்களாகிய நமக்கும் ஓர் இடம் உண்டு. அது பலரும் மறந்துவிட்ட இடம்.

பங்கீட்டின் தொடக்கம்

1896-ஆம் ஆண்டு மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற வேங்கடராமன் என்னும் மாணவன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திற்கென வீட்டில் தந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். அவரே பின்னர் ரமண மகரிஷி என்று போற்றப்பட்டார். அவர் கல்வியைத் துறந்த கதையை அனைவரும் அறிவோம். கல்வியைத் துறப்பதற்கும் முதலில் கல்வி கையில் இருக்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த நாளில் கட்டணம் கட்டிக் கல்லூரிக்கு அனுப்பும் வழக்கமுடைய வீடுகள் தமிழ்நாட்டில் மிகச் சில. அவற்றுள்ளும் பெரும்பாலானவை ஒரு சில சமூகங்களைச் சார்ந்தவை.

இதன் விளைவை எண்கள் காட்டின. சென்னை மாகாணத்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டினராக இருந்த பிராமண சமூகத்தார், 1912-ஆம் ஆண்டில் துணை ஆட்சியர் பதவிகளில் 55 விழுக்காட்டையும், மாவட்ட முன்சீப்புப் பதவிகளில் 72.6 விழுக்காட்டையும் வகித்தனர். அவர்கள் முறைகேடாக எதையும் பறித்துக்கொள்ளவில்லை; தேர்வு எழுதியே பதவி பெற்றார்கள். ஆனால் அந்தத் தேர்வு மண்டபத்தின் வாசலுக்கு வந்து சேரும் பாதை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1916-இல் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கையும், அதனைத் தொடர்ந்து வளர்ந்த நீதிக்கட்சியும் இந்த நிலைமையிலிருந்தே பிறந்தன.

நீதிக்கட்சி அரசு 1921-இல் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்திற்கான முதல் ஆணையை வெளியிட்டது. அது நடைமுறையில் உறுதி பெற்றது, 1927-இல் வகுக்கப்பட்டு, அமைச்சர் முத்தையா முதலியார் காலத்தில் செயலுக்கு வந்த ஆணையால்தான். அதன்படி பன்னிரண்டு பணியிடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, இசுலாமியருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவருக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1 எனப் பங்கிடப்பட்டது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1947-இல் இக்கணக்கு பதினான்காகத் திருத்தப்பட்டது. பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, இசுலாமியர் 1, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1. இதே கணக்கு மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் மாணவர் சேர்க்கைக்கும் பின்பற்றப்பட்டது.

பதினான்கில் ஒரு பங்கு! நம் முன்னோர் அரசுக் கல்லூரியின் வாசலில் பெற்றிருந்த இடம் அது. அந்த ஒன்றில் ஆங்கிலோ இந்தியர், உயர்சாதிக் கிறித்தவர், கடற்கரைப் பரதவர், சேரியில் வாழ்ந்த கிறித்தவர் ஆகிய அனைவரும் அடக்கம். பங்கு வந்தது, ஆனால் அந்தப் பங்கிற்குள் யாருக்கு எவ்வளவு என்பதை எந்த ஆணையும் கூறவில்லை.

1950-ஆம் ஆண்டின் கோடை

1950 சனவரி 26-இல் நமது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 14-இல் ரமண மகரிஷி இவ்வூரில் மறைந்தார். அதற்கு எட்டு வாரங்களுக்குள், சூன் 7-ஆம் நாள், செண்பகம் துரைராசன் என்னும் பிராமணப் பெண்மணி சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு மனுவைத் தாக்கல் செய்தார். தாம் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பியதாகவும், பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது எனத் தெரிந்துகொண்டதாகவும், வகுப்புவாரி ஆணை தமது அடிப்படை உரிமையை மீறுவதாகவும் அவர் முறையிட்டார். சீனிவாசன் என்னும் மாணவரும் பொறியியல் கல்லூரி இடத்திற்காக வழக்குத் தொடுத்தார். அவர் பாடப் பிரிவில் 450-க்கு 369 மதிப்பெண் பெற்றிருந்தார். தகுதி ஒன்றையே பார்த்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரே அம்மாணவருக்காக வாதாடினார்.

அன்றைய சென்னை மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் இருந்தவை மொத்தம் 330 இடங்கள். நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395. இன்றைய ஆந்திரம், மலபார் ஆகியவற்றின் பகுதிகளையும் உள்ளடக்கிய ஒரு பெரு மாநிலத்திற்கு இவ்வளவே. அப்பம் சிறியதாகவும் பந்தி பெரியதாகவும் இருக்கும்போதுதான் பங்கீடு பற்றிய வழக்கு கூர்மை பெறுகிறது என்பதை இங்கே நினைவில் இருத்த வேண்டும்.

சூலை 27-இல் உயர்நீதிமன்றம் மனுதாரர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9-இல் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வும் அதனையே உறுதி செய்தது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எக்குடிமகனுக்கும் இடம் மறுக்கலாகாது என்னும் 29-ஆம் பிரிவே தீர்ப்பின் அடித்தளம். நலிந்தோரின் கல்வி நலனை அரசு பேண வேண்டும் என்று 46-ஆம் பிரிவு கூறுகிறதே என அரசுத் தரப்பு வாதிட்டது. வழிகாட்டு நெறிகள் அடிப்படை உரிமைகளுக்கு அடங்கியே நடக்க வேண்டும் என நீதிமன்றம் விடையளித்தது. வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீட்டிற்கு வழிசெய்த அரசியலமைப்பு, கல்விக்கு அத்தகைய விதியை வகுக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

இவ்வழக்கில் ஒரு செய்தி பலரால் எடுத்துச் சொல்லப்படுவது உண்டு. செண்பகம் உண்மையில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அதனை உச்சநீதிமன்றமும் குறித்தது. விண்ணப்பிக்காதவர் வழக்குத் தொடுப்பதைத் தாம் ஏற்பதாகப் பொருள் கொள்ளலாகாது என்றும் எச்சரித்தது. ஆயினும் அதைக் கொண்டு அவரை எள்ளி நகையாடுவது நேர்மையாகாது. பிறப்பு ஒன்றினால் வாசல் அடைபட்டிருக்கிறது என அறிந்து விண்ணப்பிக்காமலே திரும்பியவர்கள் இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அவர்களுள் மிகச் சிலரே நீதிமன்றத்தின் படியேற முடிந்தது. அந்த வேதனையைச் செண்பகம் ஒரு முறை உணர்ந்தார். நம் சேரிகளில் அதனை நாள்தோறும் உணர்ந்தார்கள்.

தமிழ்நாடு கொதித்தெழுந்தது. பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் திராவிடர் கழகமும், அப்போதுதான் தோன்றியிருந்த திராவிட முன்னேற்றக் கழகமும் கிளர்ச்சி நடத்தின. பிரதமர் நேரு அரசியலமைப்பின் முதல் திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் அம்பேத்கர் அதற்குத் துணைநின்றார். 1951 சூன் 18-இல் அது நிறைவேறியபோது 15-ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினர்க்கும், பட்டியல் சாதியினர்க்கும், பழங்குடியினர்க்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று அது கூறிற்று.

இங்கே நிகழ்ந்த மாற்றத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். பழைய ஆணை ஒவ்வொரு சமூகத்திற்கும் ஒரு பங்கை அளந்து கொடுத்தது, பிராமணருக்கும்கூட. புதிய விதியோ பின்தங்கியவர்க்கு மட்டும் இடம் ஒதுக்கி, மற்ற இடங்களை எல்லோருக்கும் பொதுவாக்கியது. ‘எத்தனை பேர் இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வி மறைந்து, ‘எவ்வளவு பின்தங்கியிருக்கிறீர்கள்?’ என்ற கேள்வி அவ்விடத்திற்கு வந்தது. செண்பகத்தின் வழக்கு தோற்றது என்றும் கூறலாம், வென்றது என்றும் கூறலாம்.

பின்னர் நடந்தவை சுருக்கமாக: 1954-இல் 25-உம் 16-உம் சேர்ந்து 41 விழுக்காடு. சட்டநாதன் குழுவின் அறிக்கைக்குப் பின் 1971-இல் 31-உம் 18-உம் சேர்ந்து 49. 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என வரம்பு கட்டியது. எதிர்ப்பு வலுக்கவே 1980-இல் அதனைக் கைவிட்டுப் பிற்பட்டோர் ஒதுக்கீட்டை 50 ஆக்கியது. 1987 செப்டம்பரில் வட தமிழ்நாடு முழுவதும் ஒரு வாரம் நடந்த வன்னியர் சாலை மறியலை நம் மாவட்டத்துப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பயனாக 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 20 விழுக்காடு தனியே பிரிக்கப்பட்டது. 1990-இல் பழங்குடியினர்க்கு ஒரு விழுக்காடு தனியே அமைந்து மொத்தம் 69 ஆயிற்று. நம் சவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த ஒன்றே கதவு. 1992 நவம்பரில் உச்சநீதிமன்றம் மண்டல் வழக்கில் 50 விழுக்காடு உச்சவரம்பை விதித்தபோது, தமிழ்நாடு 1993-இல் தனிச் சட்டம் இயற்றியது. 1994-இல் அச்சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இடம் பெற்றது.

நம் மக்களுக்கு என்ன ஆயிற்று?

சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்து இரண்டே வாரங்கள் கழிந்திருந்தன. 1950 ஆகத்து 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பட்டியல் சாதியினர் ஆணையை வெளியிட்டார். அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயம் அல்லாத வேறு சமயத்தைச் சார்ந்த எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நின்றனர்.

இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் மக்கள் இழந்தது புலப்படும். சமயத்தின் பெயரால் கிறித்தவர்க்கு இருந்த பதினான்கில் ஒரு பங்கு, வகுப்புவாரி ஆணையோடு மறைந்தது. சாதியின் பெயரால் தலித் மக்களுக்குக் கிடைத்த பங்கோ, திருமுழுக்குப் பெற்றவர்க்கு மறுக்கப்பட்டது. தலித் கிறித்தவப் பிள்ளை இரு வாசல்களுக்கும் இடையே தெருவில் நின்றது. பின்னர் தமிழ்நாடு அரசு அவர்களைப் பிற்பட்ட வகுப்பினர் பட்டியலில் சேர்த்தது. கல்வி உதவித்தொகை முதலிய சில நலன்களையும் அளித்து வருகிறது. ஆனால் தலைமுறைகளாக நிலமும் கல்வியும் உடைய சமூகங்களோடு ஒரே பட்டியலில் போட்டியிடுமாறு விடப்பட்ட சேரிப் பிள்ளைக்கு அது எவ்வளவு துணை என்பதைப் பெற்றோரே அறிவர்.

சென்னையில் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை என்னும் ஏழைத் தொழிலாளி, தாம் கிறித்தவர் என்பதால் அரசு நலத்திட்டம் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை எனக் கூறி, 1985-இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. 2007-இல் அரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சமயத் தடையை நீக்குமாறு பரிந்துரைத்தது. 2022-இல் மைய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்க்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்க வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது.

இந்த இடைவெளி நம் குடும்பங்களுக்குள் என்ன செய்திருக்கிறது என்பதைப் பங்குத்தந்தையர் அனைவரும் அறிவர். கோவில் பதிவேட்டில் அந்தோணி, பள்ளிப் பதிவேட்டில் முருகன். வீட்டில் மரியா, சான்றிதழில் மாரியம்மாள். ஒரு பிள்ளையின் கல்விக்காகப் பெற்றோர் அதன் திருமுழுக்கை மறைக்க வேண்டிய நிலை உருவாகியிருக்கிறது. இதனைப் பொய் என்று கடிந்துகொள்வது எளிது. பசித்தவன் அப்பத்திற்காக நிற்கும் வரிசையில் பெயரை மாற்றச் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மற்றொரு பாடமும் நமக்கு உண்டு. 2007-இல் தமிழ்நாடு அரசு பிற்பட்ட வகுப்புக் கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் தனித்தனியே 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது. தனிப்பங்கு கேட்டுப் பெற்ற நம் தலைவர்கள், முதல் ஆண்டுச் சேர்க்கையிலேயே அது முன்னைய நிலையைவிடக் குறைவாக அமைவதைக் கண்டு, அதனைத் திரும்பப் பெறுமாறு வேண்டினர். 2008-இல் கிறித்தவர்க்கான உள் ஒதுக்கீடு நீக்கப்பட்டது. சில சமூகங்கள் கல்வியில் முன்னேறியிருந்ததால் பொதுவான பட்டியலிலேயே நாம் கூடுதல் இடம் பெற்று வந்தோம் என்பதே இதன் பொருள். கிறித்தவர் என்ற ஒரே பெயரின்கீழ் முன்னேறியோரும் பின்தங்கியோரும் இருக்கிறார்கள் என்பதும் இதனால் விளங்கிற்று.

கடலுக்கு அப்பால்

பங்கீடு எப்போதும் நீதியாகவே முடியும் என்றும் எண்ணலாகாது. இலங்கையில் நடந்ததைத் தமிழர் எவரும் மறக்க இயலாது. அமெரிக்க மிஷனும் கத்தோலிக்கத் துறவற சபைகளும் பிற கிறித்தவ சபைகளும் யாழ்ப்பாணத்தில் நிறுவிய பள்ளிகளால் அங்குள்ள தமிழ் மாணவர் அறிவியல் கல்வியில் முன்னணியில் இருந்தனர். 1969-70-இல் பொறியியல் சேர்க்கையில் தமிழர் 48.3 விழுக்காடு. தமிழ்த் தேர்வாளர்கள் தம் மாணவர்க்கு மதிப்பெண்ணை அள்ளி வழங்குகிறார்கள் என்ற மெய்ப்பிக்கப்படாத குற்றச்சாட்டு கிளம்பிற்று. அடுத்த சேர்க்கையில் மருத்துவத்திற்குச் சிங்கள மொழி மாணவர் 229 மதிப்பெண்ணும் தமிழ் மொழி மாணவர் 250 மதிப்பெண்ணும் பெற வேண்டும் என வரையறுத்தார்கள். பேராதனைப் பொறியியலுக்கு அது 227-உம் 250-உம் ஆயிற்று. பின்னர் ‘தரப்படுத்தல்’ என்ற பெயரில் மொழிவாரியாக மதிப்பெண்கள் சமன் செய்யப்பட்டன. 1974-இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. அவ்வாண்டில் பொறியியலில் தமிழர் பங்கு 16.3 விழுக்காடாகச் சரிந்தது.

மாவட்ட ஒதுக்கீட்டால் மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய பகுதிகளின் தமிழ்ப் பிள்ளைகளும் ஓரளவு பயன் பெற்றார்கள் என்பதையும் மறைக்கலாகாது. அப்பகுதி நியாயமானதே. ஆனால் ஒரே தேர்வை எழுதிய இருவருள் ஒருவரிடம், அவர் தமிழில் எழுதினார் என்பதற்காகவே கூடுதல் மதிப்பெண் கேட்டது வேறு வகையைச் சேர்ந்தது. 1977-க்குப் பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை இளைஞரின் நம்பிக்கை முறிந்திருந்தது. அதன்பின் வந்த போரில் ஊரிழந்து வந்தவர்கள் நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களிலும் வாழ்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இவ்வழக்கு ஓய்ந்தபாடில்லை. வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் ஜெபர்சன் பெயரால் அமைந்த புகழ்மிக்க அரசு அறிவியல் பள்ளி, 2020-இல் நுழைவுத் தேர்வை நீக்கிவிட்டு, வட்டாரத்தின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் மாணவரில் ஒன்றரை விழுக்காட்டினர்க்கு இடம் உறுதி செய்தது. கறுப்பின மாணவரும் ஏழை மாணவரும் கூடினர். ஆசிய மரபினர் பங்கு 73-இலிருந்து 54 விழுக்காடாகக் குறைந்தது. பெற்றோர் தொடுத்த வழக்கில் பள்ளியின் முறை செல்லும் என 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2024-இல் உச்சநீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. ஆனால் அதே உச்சநீதிமன்றம் 2023 சூன் 29-இல் ஹார்வர்டு வழக்கில், பல்கலைக்கழகங்கள் விண்ணப்பதாரரின் இனத்தை நேரடியாகக் கணக்கில் கொள்வது செல்லாது எனத் தீர்ப்பளித்திருந்தது. இந்தியாவிலிருந்து குடியேறி அங்கே சிறுபான்மையராக வாழும் குடும்பங்கள் பலவும் தேர்வு மதிப்பெண்ணுக்காக வாதாடின. இங்கே பங்கு கேட்பவரின் உறவினர் அங்கே தகுதி கேட்கக்கூடும். நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து நீதி நமக்கு வேறு முகம் காட்டுகிறது.

அளவுகோல் எது?

அப்படியானால் நீதிக்கு நிலையான அளவுகோல் இல்லையா? புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் ஆள்பார்த்துச் செயல்படுதல் என்னும் குற்றத்தை ஆராய்கிறார். ஒருவரை அவரது போதிய அறிவின் பொருட்டு ஆசிரியப் பதவியில் அமர்த்தினால், அங்கே உரிய காரணம் பார்க்கப்படுகிறது. அவர் செல்வர் என்பதற்காகவோ உறவினர் என்பதற்காகவோ அமர்த்தினால் அது ஆள்பார்த்தல் ஆகும் என்பது அவர் தரும் விளக்கம். மேலும் ஒரு நுட்பத்தை அவர் சேர்க்கிறார். ஒருவருடைய ஒரே நிலை, ஒரு காரியத்திற்கு உரிய காரணமாகவும் மற்றொன்றிற்கு உரியதல்லாத காரணமாகவும் இருக்கலாம். உறவுமுறை சொத்தில் பங்கு பெற உரிய காரணம்; திருச்சபைப் பொறுப்புப் பெற அது காரணமாகாது.

இந்த அளவுகோலை நம் பொருளுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒருவரைப் பள்ளியினின்று விலக்குவதற்குச் சாதி ஒருபோதும் உரிய காரணமன்று. ஆயினும் சாதியின் பெயரால் நூற்றாண்டுகளாக விலக்கப்பட்டவரின் இழப்பை ஈடுசெய்யும்போது, அதே சாதி உரிய காரணமாகிறது. புண் பட்ட இடத்தில்தானே மருந்து இடவேண்டும்! சென்னையின் ஒதுக்கீட்டையும் இலங்கையின் தரப்படுத்தலையும் பிரிக்கும் கோடு இதுவே. முன்னது விலக்கப்பட்டவரை உள்ளே அழைக்க முயன்றது. பின்னது உள்ளே இருந்தவரை இனத்தால் குறைக்க முயன்றது. இரண்டும் எண்களாலேயே பேசின. எண் எந்தக் காயத்திற்காகப் பேசுகிறது என்று கேட்டால்தான் வேற்றுமை விளங்கும்.

இதே அளவுகோல் நமக்கு இசைவான முடிவுகளை மட்டும் தரும் என எதிர்பார்க்கலாகாது. காயம் ஆறியவர்க்கும் மருந்து தொடர வேண்டுமா, ஒரே பட்டியலில் முன்னேறிய குடும்பம் பின்தங்கிய குடும்பத்தின் பங்கை உண்ணலாமா என்றும் அது கேட்கும். 1979-இல் எழுந்து ஓராண்டில் அடங்கிய அந்தக் கேள்வி, பிற்பட்ட வகுப்பினரான நம்மில் பலரையும் நோக்கி நிற்கிறது. பிராமண சமூகத்து ஏழைச் சமையற்காரரின் மகள் படிக்க வழி என்ன என்றும் அது கேட்கும். அவளுக்கு உதவி செய்ய வேண்டும். ஆனால் அவ்வுதவியைச் சேரிப் பிள்ளையின் பங்கிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

திராட்சைத் தோட்ட உவமையில், கடைசி மணி நேரத்தில் வந்தவர்க்கும் முழுக் கூலி கொடுத்த உரிமையாளரை நாம் அறிவோம். அவர்கள் நாள் முழுதும் சந்தை வெளியில் நின்றது சோம்பலால் அன்று. எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் தந்த விடை. தாமதமாகப் பள்ளிக்கு வந்த சமூகங்களைப் பற்றித் ‘தகுதி குறைந்தவர்கள்’ என்று சொல்லுமுன், அவர்களை யார் எப்போது அழைத்தார்கள் என்பதைக் கேட்க வேண்டும்.

நம் வாசல்கள்

இன்றைய போட்டியில் சாதியோடு பயிற்சிக் கட்டணமும் சேர்ந்து பேசுகிறது. 2017 முதல் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கை ‘நீட்’ தேர்வின் வழியாக நடைபெறுகிறது. அதன்பின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் சென்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிற்குக் குறைந்தார்கள். 2020-இல் நீதியரசர் கலையரசன் குழுவின் அறிக்கைக்குப் பின், அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அவ்வாண்டே ஏறத்தாழ 400 பிள்ளைகள் மருத்துவ, பல் மருத்துவ இடங்களைப் பெற்றார்கள். சாதி, சமயம் எதுவும் கேளாமல், படித்த பள்ளியையே பின்தங்கிய நிலையின் அடையாளமாகக் கொண்ட நல்ல முயற்சி இது. ஆனால் நம் சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிள்ளைகள் இதில் அடங்கார். கட்டணமின்றிப் படிக்கும் அந்தப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் போலவே கூலி வேலை செய்வோரின் மக்கள்தாம். இதற்காகக் குரல் கொடுப்பது நம் கடமை.

குரல் கொடுக்கும்போது நம் வாசலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுபான்மையர் தம் கல்வி நிலையங்களைத் தாமே நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு நமக்கு அளிக்கிறது. அந்த உரிமையால் கிடைக்கும் இடங்களில் எத்தனை தலித் கிறித்தவப் பிள்ளைகள் அமர்கிறார்கள்? வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து வைத்த தடுப்பு 1910-களில் நீதிமன்றம் வரை சென்ற பின்பே வரலாறாயிற்று. இனம், நிறம், சமூக நிலை ஆகியவற்றால் மனிதரை வேறுபடுத்துவது இறைத்திட்டத்திற்கு முரணானது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 2003-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டை நேரடியாகவே கண்டித்துப் பேசினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. கொள்கை நம் கையில் இருக்கிறது.

ஒவ்வொரு பங்குப் பேரவையும் இவ்வாண்டுச் சேர்க்கைக் காலத்தில் ஒரு சிறு கணக்கு எடுக்கலாம். நம் பங்கைச் சேர்ந்த எத்தனை பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கல்லூரி சேர்ந்தார்கள். நம் சபைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து இடம் பெறாதவர் எவர். விண்ணப்பிக்கவே துணியாதவர் எவர். கடைசிக் கேள்விக்கு விடை எந்த அலுவலகத்துப் பதிவேட்டிலும் கிடைக்காது. அந்த வீடுகளுக்கு நாம்தான் நடந்து செல்ல வேண்டும்.